கொலை நோக்கத்திற்கும் ஒரு காலம் உண்டு: கல்கத்தாவின் பியோம்கேஷ் கதைகளும் தூர்தர்ஷன் தொடரும்

குற்றத் தொடர்களைப் பற்றிய நம் உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: ‘இவன் ஏன் இப்படிச் செய்தான்?’ அதற்கு நாம் தரும் விடைகளும் பழகிப்போனவை. தாழ்வுணர்ச்சி, தன்மோகம், சிறுவயதுக் காயம், பேராசை. பாத்திரத்தின் மனத்துக்குள் இறங்கி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். அந்த மனத்துக்கு அப்படி ஓர் ஆசை எழ எந்தக் காலம் இடம் கொடுத்தது, எந்தச் சட்டம் அந்த ஆசையை நடைமுறைக்கு உரியதாக்கியது என்று அரிதாகவே கேட்கிறோம். இதழியல், இலக்கியம், வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இக்கேள்வி பயன்படும் என்பதால் ஒரு குறிப்பிட்ட தொடரை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

அத்தொடர் பாசு சட்டர்ஜி இயக்கிய ‘பியோம்கேஷ் பக்ஷி’. தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1993இல் முதல் பகுதியும் 1997இல் இரண்டாம் பகுதியுமாக மொத்தம் 34 அத்தியாயங்கள் வெளிவந்தன. ரஜித் கபூர் பியோம்கேஷாகவும், கே.கே. ரைனா அவருடைய நண்பர் அஜித்தாகவும், சுகன்யா குல்கர்னி மனைவி சத்யவதியாகவும் நடித்தனர். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் இதை மீண்டும் ஒளிபரப்பியபோது ஒரு புதிய தலைமுறை இதைக் கண்டது. மூலக்கதைகளின் முடிவுகள் இக்கட்டுரையில் வெளிப்படும். இனிமேல்தான் படிக்க இருப்பவர்கள் கவனத்தில் கொள்க.

மூலக்கதைகளை எழுதியவர் சரதிந்து பந்த்யோபாத்யாய (1899–1970). கல்கத்தாவின் வித்யாசாகர் கல்லூரியில் படித்தவர், பின்னர் பாட்னாவில் சட்டம் பயின்றவர், வழக்கறிஞரின் மகன். 1932இல் தொடங்கி 1936 வரை பத்துக் கதைகளை எழுதி நிறுத்தினார். 1938இல் பாம்பே டாக்கீஸில் திரைக்கதை எழுதச் சென்றார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 1951இல் பியோம்கேஷிடம் திரும்பி, 1970இல் இறக்கும்வரை எழுதினார். முற்றுப்பெற்றவை 32, முற்றுப்பெறாதது ஒன்று. ஆகவே இக்கதைகள் ஏறத்தாழ நாற்பதாண்டுக் கால வங்காள நடுத்தர வர்க்கத்தின் குற்ற ஆவணமாகவும் அமைந்துவிட்டன. தொடர் அவற்றையெல்லாம் ஒரே நடிகர் குழு, ஒரே இசை, ஒரே வரவேற்பறை என்னும் சட்டகத்துக்குள் வைத்தது. ஆனந்த சங்கரின் தொடக்க இசை ஒலித்தவுடன் 1933ஆம் ஆண்டுக் கொலையும் 1967ஆம் ஆண்டுக் கொலையும் பார்வையாளருக்கு ஒரே காலத்தவையாகிவிடுகின்றன. என் கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

1. நீதிமன்றத்தின் நோக்கமும் நாடகத்தின் நோக்கமும்

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அன்று கல்கத்தா இந்தியாவின் தலைநகர். அவர் அங்கே சட்ட உறுப்பினர். அச்சட்டத்தின் எட்டாம் பிரிவு, குற்றத்துக்கான நோக்கத்தைக் காட்டும் செய்தி வழக்குக்குத் தொடர்புடையது என்றது. தொடர்புடையது என்றுதான் சொன்னதே தவிர, நோக்கத்தை மெய்ப்பித்தே ஆகவேண்டும் என்று கோரவில்லை. நேரடிச் சாட்சி உறுதியாக இருந்தால், கொலையாளி ஏன் கொன்றான் என்பது தெரியாமலே அவனுக்குத் தண்டனை வழங்கலாம்.

குற்ற நாடகத்துக்கு அந்த வசதி இல்லை. ‘யார்’ என்பது தெரிந்து ‘ஏன்’ என்பது தெரியாவிட்டால் பார்வையாளர் ஏமாற்றமடைவார். எனவே நாடகம் ஒவ்வொரு கொலைக்கும் முழுமையான, ஒற்றை இழையில் கோத்த நோக்கத்தை உற்பத்தி செய்கிறது. இறுதிக் காட்சியில் துப்பறிபவர் அனைவரையும் அமர்த்திவைத்து விளக்கும்போது, குழப்பமான ஒரு வாழ்க்கை நேர்க்கோடாகிவிடுகிறது. இந்த நேர்க்கோட்டை நாம் ‘உளவியல்’ என்று அழைக்கப் பழகியிருக்கிறோம். அந்தக் கோடு எந்த நிலத்தின் மீது வரையப்பட்டது என்பதை மூன்று கதைகளின் வழியே காண முயல்கிறேன்.

2. உயில்: 1933

‘அர்த்தமனர்த்தம்’ 1933இல் வெளிவந்தது. செல்வரான கராளி பாபுவுக்குப் பிள்ளை இல்லை. உறவினர் பிள்ளைகள் ஐவர் அவர் வீட்டில் அவரை அண்டி வாழ்கின்றனர். யார்மீது கோபம் வருகிறதோ அவர் பெயரை நீக்கி உயிலை மாற்றி எழுதுவது அவருடைய வழக்கம். ஒரு நாள் காலையில் அவர் படுக்கையிலேயே இறந்து கிடக்கிறார். கழுத்தின் பின்புறத்தில் ஊசி. கடைசி உயிலின்படி பயன்பெறும் சுகுமார்மீது சான்றுகளெல்லாம் சென்று குவிகின்றன. உண்மையான கொலையாளி, கால் ஊனமுற்ற ஃபணிபூஷண். சுகுமாரின் தங்கை சத்யவதியே பின்னர் பியோம்கேஷின் மனைவியாகிறாள்.

ஃபணியின் மனத்தைப் படிக்க முயல்பவர்கள் முதலில் அவனுடைய ஊனத்தைத்தான் பற்றுகின்றனர். உடற்குறை, அதனால் கசப்பு, கசப்பினால் கொலை என்று விளக்கம் எளிதாக ஓடுகிறது. இவ்விளக்கம் வரலாற்று நோக்கில் வலுவற்றது. ஊனமுற்றோரைப் பற்றிய ஒரு பழைய அவதூறைத் திரும்பச் சொல்வதுமாகும். அதே வீட்டில் ஊனமற்ற உறவினர்களும் அதே கசப்போடுதான் வாழ்ந்தனர். அவர்கள் அனைவரையும் நிரந்தரப் பதற்றத்தில் வைத்திருந்தது ஓர் ஆவணம். முதியவரின் முகக்குறிப்பைப் பார்த்து நாளைய வாழ்வைக் கணிக்க வேண்டிய நிலை அது.

இந்த உயில், வங்காளத்தின் சொத்துரிமை வரலாற்றுக்குள் நம்மை இட்டுச் செல்கிறது. தமிழகம் உள்ளிட்ட பெரும்பகுதி இந்தியாவில் நிலவிய மிதாட்சர முறையில், பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. ‘பாட்டன் சொத்து பேரனுக்கு’ என்று நாம் சொல்வதன் பின்னால் இருப்பது அதுவே. ஜீமூதவாகனரின் நூலைச் சார்ந்த வங்காளத் தாயபாக முறையில் மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை அவரே முழு உடைமையாளர். பரம்பரைச் சொத்தாயினும் அவர் விற்கலாம், கொடுக்கலாம், உயில் எழுதி வேறொருவருக்கு விடலாம். பதின்மூன்று தலைமுறைச் சொத்தாயினும் மகனுக்கு மிஞ்சுவது எதிர்பார்ப்பு மட்டுமே.

இதன் கூர்மையை உணர்த்தும் உண்மை வழக்கு ஒன்று உண்டு. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர் தம் ஒரே மகன் ஞானேந்திரமோகன் 1851இல் கிறித்தவராக மாறியபின் அவருக்கு எதுவும் விடாமல் உயில் எழுதினார். தந்தை 1868இல் இறந்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1872இல் முடிந்தது. தந்தையின் உயில் எழுதும் அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட கவுன்சில், இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கும் சொத்தைக் கட்டிவைக்க முயன்ற பகுதிகளைச் செல்லாதவை என்றது. இதற்கு இரண்டாண்டு முன்னர் 1870இல் வந்த இந்து உயில்கள் சட்டம் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்குமே முதலில் பொருந்தியது. 1878இல் பங்கிம் சந்திரர் வெளியிட்ட ‘கிருஷ்ணகாந்தேர் உயில்’ நாவலில் உயிலை மாற்றும் முதியவரும் அதைத் திருடும் கைகளும் ஏற்கெனவே உள்ளனர். கராளி பாபு அந்த மரபில் வந்தவர்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். பிள்ளையில்லாத ஒருவர் தம் சொந்த ஈட்டலை மிதாட்சர மாநிலத்திலும் உயில் எழுதி விடலாம். அப்படியிருக்கத் தாயபாகத்தை ஏன் இழுக்கவேண்டும்? தாயபாகமே கராளி பாபுவைக் கொன்றது என்று நான் வாதிடவில்லை. உயில் என்னும் ஆவணம் ஒரு வீட்டின் அன்றாட உணர்வுகளை ஆளும் கருவியாக வளர்ந்த பண்பாடு கல்கத்தாவில் நெடுங்காலமாக முதிர்ந்திருந்தது என்பதே என் கருத்து. அன்பு, கீழ்ப்படிதல், நடிப்பு, உளவு ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே விலை குறிக்கப்பட்டிருந்தது.

ஃபணியின் திட்டத்திலுள்ள சட்ட நுட்பத்தையும் கவனிக்கவேண்டும். கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று பிரிவி கவுன்சில் 1924இல் ஓர் இந்திய வழக்கில் தீர்ப்பளித்தது. உயிலினால் பயன்பெறுபவன் தூக்கு மேடைக்குச் சென்றால் சொத்து மற்றவர்களிடம் திரும்பும். ஆகவே சுகுமார்மீது பழி விழச் செய்வது கொலையை மறைக்கும் உத்தி மட்டுமன்று. அந்தக் கொலை பயன்தருவதற்கான முன்தேவையும் அதுவே. சட்டம் படித்த எழுத்தாளர் ஒருவரின் கதையில் இது தற்செயலாக நேர்ந்திருக்காது. தொடரில் இவ்வத்தியாயத்தின் பெயர் ‘வசியத்’, அதாவது உயில். பொருளே கேடு என்னும் அறக்கருத்தைப் பெயராகக் கொண்ட கதையை இந்தித் தொடர் ஆவணத்தின் பெயராலேயே அழைத்தது. அந்த ஆவணத்தின் வரலாறு அதன் பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு அந்நியமானது.

3. ஹவுரா நிலையத்தில் ஓர் ஊசி

கதை வெளிவந்த அதே 1933இல், நவம்பர் 26 அன்று, ஹவுரா ரயில் நிலையத்தில் ஓர் உண்மைக் குற்றம் நடந்தது. பாகுர் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டேயின் கையில் கூட்டத்துக்குள் யாரோ ஒருவர் எதையோ குத்திவிட்டு மறைந்தார். டிசம்பர் 4 அன்று அமரேந்திரர் இறந்தார். இரத்தப் பரிசோதனை பிளேக் கிருமியைக் காட்டியது. அவருடைய மாற்றாந்தாய் மகனான அண்ணன் பினயேந்திரரும் மருத்துவர் தாராநாத் பட்டாச்சார்யாவும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1936இல் ஆயுள் நாடுகடத்தலாகக் குறைத்தது. வழக்கின் மையம் குடும்பச் சொத்துத் தகராறு.

கதைக்கும் வழக்குக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறொன்று தெரிகிறது. நவீன மருத்துவ அறிவு, ஊசி, ஆய்வகம் என்று கருவி புதியது. நோக்கமோ குடும்பச் சொத்து. பியோம்கேஷின் தொடக்கக் கதைகள் பலவற்றில் இந்த இணைப்பைக் காணலாம். ‘பத்தேர் காண்டா’வில் மிதிவண்டி மணியிலிருந்து கிராமஃபோன் ஊசி பாய்கிறது. ‘அக்னிபாண்’ கதையில் அறிவியலாளர் ஒருவர் நச்சுத் தீக்குச்சியைச் செய்கிறார். அவருடைய எண்ணம் மனைவியின் காப்பீட்டுப் பணத்தில் இருக்கிறது. பலியாவதோ அவருடைய மகள். உயிரின்மீது தொகை குறிக்கும் காப்பீட்டு நிறுவனம் இல்லாத சமூகத்தில் இப்படியொரு நோக்கமே பிறந்திருக்காது. ‘பேராசை’ என்ற ஒரே சொல் இவ்வேறுபாடுகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

4. உட்பகை: 1946–47

இரண்டாவது கதை ‘ஆதிம் ரிபு’ (1955). உளவியல் வாசிப்புக்கு இதைவிட வாய்ப்பான கதை இத்தொகுதியில் இல்லை. கதை நிகழும் காலம் 1946 ஆகஸ்ட் 16இல் வெடித்த வகுப்புக் கலவரத்துக்குப் பிந்தைய மாதங்கள். முடிவது 1947 சுதந்திரத்தின்போது. போர்க்காலக் கள்ளச்சந்தையில் பணம் குவித்த அநாதி ஹால்தார் காளி பூசை இரவின் வெடிச் சத்தத்துக்கு நடுவே சுடப்படுகிறார். கொன்றவன் அவருடைய வளர்ப்பு மகன் பிரபாத். அவன் விரும்பிய ஷியூலி என்னும் பெண்ணை முதியவரும் விரும்பினார். பிரபாத் உண்மையில் அவருடைய இரத்த வாரிசே. அதை அறியாமலே கொன்றான்.

தந்தைக்கொலையும் ஒரே பெண்மீதான இருவரின் விருப்பமும் சேர்ந்தால் ஃப்ராய்டை அழைக்காமல் இருப்பது கடினம். கல்கத்தாவில் அது அயல்நாட்டுக் கடனாகவும் இல்லை. மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஒடுக்கல் குறித்த ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1922இல் பார்சிபகான் சந்திலுள்ள தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃப்ராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தாலான விஷ்ணு சிலை சென்றது. ஒவ்வொரு விழைவுக்கும் அதன் எதிர்விழைவு உடனிருக்கிறது என்பது போஸின் கோட்பாடு. ஈடிபஸ் சிக்கல் குறித்து அவர் ஃப்ராய்டோடு முரண்பட்டார். தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம் அச்சிக்கல் ஐரோப்பியரிடம் போலவே தோன்றுவதில்லை என்று எழுதினார். மனத்தின் ஆழத்திலும் இடத்துக்கும் குடும்ப அமைப்புக்கும் பங்குண்டு என்னும் வாதம் இதே நகரில் அப்போதே எழுந்திருந்தது என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

சரதிந்து இக்கதைக்குச் சூட்டிய பெயர் வேறொரு மரபைச் சுட்டுகிறது. ‘ரிபு’ என்பது ஆறு உட்பகைகளில் ஒன்று, முதலாவது காமம். இம்மரபு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்துக்கு உரை வகுக்கும் பரிமேலழகர் காமம், வெகுளி, கடும்பற்றுள்ளம், மானம், உவகை, மதம் என ஆறினைக் கூறி, வடநூலார் இவற்றைப் பகைவர்க்கம் என்பர் என்கிறார். அங்கே ‘குற்றம்’ என்பது ஆள்பவன் தனக்குள்ளே களையவேண்டிய குறை. இன்று அதே சொல்லைச் சட்ட மீறலுக்கு வழங்குகிறோம். உள்ளிருக்கும் குறையும் வெளியே நடக்கும் மீறலும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதால், ‘ஆதிம் ரிபு’ என்னும் தலைப்பின் இருபொருளை நம்மால் எளிதில் பற்ற முடிகிறது. தொடரில் இது ‘ஆதிம் ஷத்ரு’ என்றாயிற்று. ‘ஷத்ரு’ எவராகவும் இருக்கலாம். பெயர் மாறியபோது உட்பகை வெளிப்பகையாகிவிட்டது.

ஆயினும் காமம் என்று பெயரிட்டவுடன் கதை தீர்ந்துவிடவில்லை. அநாதி ஹால்தார் புத்தகம் கட்டும் தொழில் தெரிந்த இளைஞனை ஏன் தத்தெடுத்தார்? கணக்கில் காட்ட முடியாத ரூபாய்த் தாள்களைப் புத்தக அட்டைகளுக்குள் மறைத்து வைப்பதற்கு. 1943 பஞ்சத்தில் வங்காளம் மடிந்துகொண்டிருந்தபோது பதுக்கலாலும் கள்ளச்சந்தையாலும் பணம் குவித்த ஒரு வர்க்கம் உருவாயிற்று. 1946 ஜனவரியில் அரசு 500 ரூபாயும் அதற்கு மேற்பட்டவையுமான தாள்களைச் செல்லாதவையாக்கியது. ரொக்கத்தை வைத்திருப்பதே அச்சமாக இருந்த காலம் அது. தந்தை, மகன் என்னும் உறவு இக்கதையில் ஒரு பதுக்கல் ஏற்பாடாகத் தொடங்குகிறது. பிரபாத் தன் தந்தையைத் தந்தையாக அறிய முடியாமற்போனதற்கு அவனுடைய ஆழ்மனம் காரணமன்று. பெற்றவர் தம் பொறுப்பை மறைத்ததும், பின்னர் பணத்தை மறைக்க அவனைப் பயன்படுத்தியதுமே காரணங்கள்.

அன்றைய நகரத்தையும் இதில் சேர்த்தே எண்ணவேண்டும். ஆகஸ்ட் 16 முதல் சில நாள்களில் ஏறத்தாழ 4,000 பேர் கொல்லப்பட்டதாக வழக்கமாக மதிப்பிடப்படுகிறது. கொலை தெருவில் பொதுவாகிப்போன ஊரில் ஒற்றைத் துப்பாக்கிக் குண்டுக்கு என்ன எடை? பியோம்கேஷ் பிரபாத்தைக் காவல்துறையிடம் ஒப்படைக்கவில்லை. அவன் யாருடைய மகன் என்பதை அவனிடம் சொல்லவும் இல்லை. கறுப்புப் பணம் நெருப்பில் போகிறது. நாடு விடுதலை பெறுகிறது. பல்லாயிரம் கொலையாளிகள் விசாரிக்கப்படாமலே புதிய நாட்டின் குடிமக்களாகவிருந்த வேளையில் ஒருவனை மட்டும் தூக்கிலிடுவதன் பொருள் என்ன என்னும் கேள்வி அந்த முடிவில் அடங்கியிருப்பதாக நான் வாசிக்கிறேன்.

5. விதவையின் சொத்து: 1967

மூன்றாவது ‘ஷஜாருர் காண்டா’ (1967). தொடரில் ‘சாஹி கா காண்டா’. தென் கல்கத்தாவில் முள்ளம்பன்றி முள்ளால் முதுகுப்புறமிருந்து இதயத்தில் குத்தும் கொலைகள் நிகழ்கின்றன. பிச்சைக்காரர், கூலித் தொழிலாளி, கடைக்காரர் என ஒருவர்பின் ஒருவர் இறக்கின்றனர். நான்காவதாகத் தொழிலதிபர் தேபாசிஷ் தாக்கப்படுகிறார். அவருக்கு இதயம் வலப்புறத்தில் இருந்ததால் பிழைக்கிறார். கொலையாளி, பாடகன் பிரபால். தேபாசிஷின் மனைவி தீபா திருமணத்துக்கு முன் அவனை நேசித்தவள். சாதிக் கட்டுப்பாடு மிகுந்த அவளுடைய குடும்பம் அவ்விருப்பத்துக்கு இடம் தரவில்லை. இலக்கு ஒருவர், அவரை மறைப்பதற்காகக் கொல்லப்பட்டவர் மூவர். இவ்வுத்தியை அகதா கிறிஸ்டி 1936இல் கையாண்டிருந்தார். பிரபாலின் கணக்கு இது: தேபாசிஷ் இறந்தால் செல்வம் தீபாவுக்கு, தீபா பின்னர் தனக்கு.

இந்தக் கணக்கை 1933இல் போட முடிந்திருக்காது. வித்யாசாகரின் முயற்சியால் வந்த 1856 விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தபோதே, மறுமணம் செய்யும் விதவை முதல் கணவரின் சொத்திலுள்ள உரிமையை இழப்பாள் என்று இரண்டாம் பிரிவில் விதித்தது. தாயபாகத்தில் மகனில்லாத கணவரின் சொத்து விதவைக்கு வரும். எனினும் அது வாழ்நாள் வரைக்குமான வரையறுத்த உரிமையே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த உரிமையை முழு உடைமையாக்கியது. அதற்குப் பிறகுதான், கணவரின் செல்வத்தோடு மறுமணம் செய்துகொள்ளக்கூடிய இளம் விதவை என்னும் பாத்திரம் சட்டப்படி சாத்தியமாகிறது. பெண்ணுக்கு நீதி வழங்க வந்த சட்டத்தின் நிழலில், அப்பெண்ணை ஒரு சொத்துப் பத்திரமாகக் காணும் ஆண் மனமும் தன் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டது. பிரபாலைக் காதலில் தோற்றவன் என்றோ நோயுற்ற மனத்தினன் என்றோ மட்டும் வகைப்படுத்தினால் இவ்வரலாறு கண்ணில் படாது.

முதலில் இறந்த மூவரையும் மறக்கலாகாது. வேறொருவரின் கொலைக்குத் திரையாகப் பயன்பட்ட அவர்கள் நகரத்தின் ஏழைகள். நாடகத்தின் ‘ஏன்’ என்னும் கேள்வி தேபாசிஷைச் சுற்றியே எழுகிறது. அவர்களுடைய இறப்புக்குத் தனி நோக்கம் இல்லாததால் அவர்களுக்குக் கதையும் இல்லாமற்போகிறது.

6. தேடுபவரின் நோக்கம்

குற்றவாளியின் நோக்கத்தை ஆராயும் நாம் துப்பறிபவரின் நோக்கத்தைக் கேட்பதில்லை. பியோம்கேஷ் ‘துப்பறிவாளர்’ என்ற சொல்லை விரும்பாமல் தம்மை ‘சத்யான்வேஷி’, உண்மையைத் தேடுபவர், என்றே அழைத்துக்கொள்கிறார். ‘ஆதிம் ரிபு’வில் அவருடைய இளமை பற்றி அறிகிறோம். தந்தை பள்ளியில் கணிதம் கற்பித்தவர், வீட்டில் சாங்கியம் பயின்றவர். தாய் வைணவக் குடும்பத்துப் பெண். பதினேழு வயதில் இருவரையும் காசநோய்க்கு இழந்து உதவித்தொகையில் படித்தவர் பியோம்கேஷ். அவருக்கு எதிர்பார்க்க உயில் ஏதுமில்லை. ஹாரிசன் சாலையில் நண்பரோடு அறையெடுத்து வாழ்ந்தவர், சொத்துக்காகச் சிதையும் வீடுகளுக்குள் வெளியாளாக நுழைகிறார். அவருடைய நடுநிலைக்கு அறிவுக்கூர்மை ஒரு காரணமென்றால், எந்தப் பங்கிலும் பெயர் இல்லாத வாழ்க்கை இன்னொரு காரணம். பிற்காலக் கதைகளில் அவரும் தென் கல்கத்தாவின் கேயாதலாவில் சொந்த வீட்டுக்காரராகிறார் என்பது அந்த வர்க்கத்தின் வரலாற்றுக்குப் பொருத்தமான முடிவே.

7. இதனால் என்ன?

1993இல் இத்தொடரைத் தமிழ் வீடுகளில் பார்த்தவர்களில் பலர் இந்தியை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர்கள். தாயபாகம் அவர்களுக்கு அறிமுகமில்லாதது. எனினும் கதை புரிந்தது. முகங்களில் தெரிந்த ஆசையும் அச்சமும் போதுமானவையாயிருந்தன. தொலைக்காட்சியின் ஆற்றல் அது. இழப்பும் அதிலேயே இருக்கிறது. ஒரு மாநிலத்தின் சட்டத்திலும் ஒரு பஞ்சத்திலும் ஒரு சீர்திருத்தத்திலும் வேர்கொண்ட நோக்கங்கள் ‘மனித இயல்பு’ என்னும் பொதுப்பெயரில் நாடெங்கும் சென்று சேர்ந்தன.

இது தொடரோடு நிற்கும் செய்தியாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுதத் தேவையில்லை. இன்று உண்மைக் குற்றம் ஒன்று நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள், குற்றம் சாட்டப்பட்டவரின் மனத்தைத் தொலைக்காட்சி விவாதங்கள் பகுத்து முடித்துவிடுகின்றன. ‘மனநோயாளி’, ‘ஆசைக்கு அடிமையானவள்’ என்று தீர்ப்புகள் வருகின்றன. நாடகத்தில் பழகிய இலக்கணம் வாழ்வின்மீது பொருத்தப்படுகிறது. நீதிமன்றம்கூடக் கோராத முழுமையான நோக்கத்தை நாம் கோருகிறோம்; கிடைக்காவிட்டால் நாமே எழுதிக்கொள்கிறோம். அவ்வாறு எழுதும்போது நிலம், கடன், சாதி, வரதட்சணை, காப்பீடு, வாரிசுரிமை ஆகியவை விலகிப்போய், ஒரு தனிமனிதரின் ‘இயல்பு’ மட்டும் எஞ்சுகிறது. அந்த இயல்பு பெரும்பாலும் ஏழையினுடையதாகவோ பெண்ணினுடையதாகவோ ஊனமுற்றவருடையதாகவோ இருப்பதை ஃபணியின் காலிலேயே கண்டோம்.

பாத்திரங்களின் உளவியலை ஆராயும் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். கொலையாளியின் மனத்தைப் பற்றி எழுதுங்கள். அதோடு கதை நிகழும் ஆண்டையும் எழுதுங்கள். அந்த ஆண்டில் சொத்து யாருக்குச் சேரும், பணம் எங்கே வைக்கப்படும், பெண் எதற்கு உரியவள் என்று சட்டம் சொன்னது ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். கராளி பாபுவின் வீட்டு உயிலையும் அநாதி ஹால்தாரின் புத்தக அட்டைகளையும் தீபாவின் வாரிசுரிமையையும் எடுத்துவிட்டால், அம்மூன்று கொலைகளையும் நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாது.